எவரிஸ்டா எழுந்திருக்கவில்லை

குராசோ தீவின் மேற்குக் கரையில் எவரிஸ்டாவைப் போல் பயந்த பெண்ணை நான் பார்த்ததில்லை. நாய் குரைத்தால் வேறு வழியாகப் போவாள். பாதிரியார் எதிரே வந்தால் செய்யாத பாவத்துக்கும் தலை குனிவாள். பிழைப்பு சலவை. போலீஸ் சார்ஜென்ட்டின் வெள்ளைச் சட்டைகளும் அவளிடம்தான் வரும். அவற்றுக்குக் கஞ்சி போடும்போதுகூட, அவனே எதிரில் நிற்பதுபோல் ஒடுங்கித்தான் போடுவாளாம்.

ஆனால் தம்பூ மேளம் ஒலித்தால் முன்னால் நின்று பாடுகிறவள் அவள்தான். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு போட்டுக் கொண்டுவரப்பட்ட எங்கள் முன்னோர், பழைய பீப்பாயில் ஆட்டுத்தோல் அறைந்து அடித்த மேளம் அது. சட்டமும் தடுத்தது, மாதா கோயிலும் தடுத்தது. பிடிபட்டால் போலீஸ் தோலைக் கத்தியால் கிழித்துவிட்டு, அடித்தவனை லாக்கப்பில் தள்ளும்.

அது ஜனவரி மாதம். சனிக்கிழமை மாலை எவரிஸ்டா மேளக்காரன் இசிதோரின் வீட்டுக்கு மூச்சிரைக்க வந்தாள். நானும் அங்கே இருந்தேன். பாட்டுக்கு மண்வெட்டி இரும்பைத் தட்டித் தாளம் போடுவது என் வேலை.

"நாளைக்கு வேண்டாம் இசிதோர். அவங்க வராங்க."

"யாரு சொன்னா?"

"சட்டை சொல்லுச்சு."

"உனக்கு மட்டும் துணியெல்லாம் பேசுதாக்கும்!" என்று இசிதோர் சிரித்தான்.

"சிரிக்காதடா. ஞாயித்துக்கிழமை அந்த சார்ஜென்ட்டு பனியனோட வீட்டுலதான் கிடப்பான். இன்னிக்கு அவன் பொண்டாட்டி, நாளை மத்தியானத்துக்குள்ள சட்டை வேணும்னு சொல்லிட்டா."

இசிதோரின் சிரிப்பு நின்றது. ஆனால் மூன்று ஊர் ஜனங்களுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆட்டுக்கறி விருந்து மட்டும் வைப்போம், மேளம் சோளத்தட்டைக் குவியலுக்குள் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

மறுநாள் மூன்று மணியாகியும் போலீஸ் வரவில்லை. ஜனங்களுக்குப் பொறுமை போயிற்று. "ஒரே ஒரு பாட்டு" என்று இசிதோர் மேளத்தை இழுத்துவிட்டான். எவரிஸ்டா வேண்டாம் வேண்டாம் என்றாள். இரண்டு அடி விழுந்ததும் அவளே பாட ஆரம்பித்தாள்.

பாட்டின் நாலாவது வரியில், கள்ளி வேலியோரம் ஆடு மேய்க்கிற சாக்கில் காவல் நின்ற பஸீலியா சீழ்க்கை அடித்தாள். போலீஸ்! நான் மண்வெட்டியை வயலில் வீசினேன். இசிதோர் எட்டிக் குதித்துக் கூட்டத்தில் கலந்தான். நடுமுற்றத்தில் மேளமும் எவரிஸ்டாவும்தான். அவள் முழங்கால் மடிந்து மேளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அகலப் பாவாடை அதை மூடிக்கொண்டது. யோசித்துச் செய்யவில்லை என்று பின்னால் எத்தனையோ தடவை சத்தியம் செய்திருக்கிறாள்.

சார்ஜென்ட்டும் இரண்டு போலீஸ்காரர்களும் அடுப்படி, கிணறு, சோளத்தட்டை எல்லாம் கிளறினார்கள். சார்ஜென்ட்டின் கண் எவரிஸ்டா மேல் விழுந்தது.

"எவரிஸ்டா? நீயுமா இங்க?"

"கறி... கறி சாப்பிட வந்தேங்க."

"எழுந்திரு."

எவரிஸ்டாவின் உதடு மட்டும் அசைந்தது.

"கால் வரலீங்க ஐயா."

"எழுந்திருன்னு சொன்னேன்!"

அப்போது அவள் பாவாடைக்குள்ளிருந்து ஈரம் வழிந்து, மண்ணில் கோடு போட்டு, அவன் பூட்ஸ் பக்கம் ஓடியது. சார்ஜென்ட் துள்ளிப் பின்வாங்கினான். முகம் சுளித்து, "சீ! போகலாம் வாங்கடா" என்று திரும்பினான்.

அவர்கள் மேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பஸீலியா அவளைக் கட்டிப்பிடித்து, "அடி என் தங்கமே, துப்பாக்கி இல்லாமலே போலீஸை ஓட்டிட்டியே!" என்று சிரித்தாள். "என் தோலு போச்சு" என்று ஈரத்தில் ஊறிய மேளத்தைத் தடவி இசிதோர் புலம்பினான். எவரிஸ்டா சிரிக்கவில்லை. பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தாள். பஸீலியா தன் மாற்றுப் பாவாடையை உடுத்திவிட்டாள்.

திங்கட்கிழமை சார்ஜென்ட் வீட்டில் சலவைத்துணி வாங்க நான் போகிறேன் என்றேன்.

"நான் போகலன்னா சந்தேகம் வரும்" என்று அவளே போனாள். காபி குடித்துக்கொண்டிருந்த சார்ஜென்ட், "காலருக்கு இன்னும் கஞ்சி வேணும்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்ததா இல்லையா, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவள் வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்தாள்.

அடுத்த மாதம் மேளத்துக்குப் புதுத்தோல் போட்டோம். அவள் வந்தாள், பாடினாள். பல வருஷம் கழித்து, அனுமதிச் சீட்டு வாங்கினால் தம்பூ அடிக்கலாம் என்றார்கள். முதல் நாள், எழுதப் படிக்கத் தெரியாத எவரிஸ்டா அந்தக் காகிதத்தைத் தடவித் தடவி, "கையெழுத்து இருக்கா? நிஜமாவே இருக்கா?" என்று மூன்று தடவை கேட்டாள். இருக்கிறது என்று இசிதோர் விரலால் காட்டிய பிறகுதான் பாட வாயைத் திறந்தாள்.