பகல் தூக்கத்துக்கு ஒரு வீடு

கட்டடக்கலைப் படிப்பின் கடைசி வருடத்தில் ஆளுக்கொரு தீசிஸ் எடுத்தாக வேண்டும். மெட்ராஸில் என்னோடு படித்த ஒருவன் விமான நிலையம் எடுத்தான். விமானத்தை அவன் தலைக்கு மேலே பறக்கும்போது பார்த்ததோடு சரி. எனக்குப் பேராசிரியரே தலைப்புக் கொடுத்துவிட்டார். பாண்டிச்சேரிக்காரனுக்கு என்ன கவலை, கடற்கரைப் பக்கத்து வெள்ளைக்காரர் வீடுகளை அளந்து வரைந்தால் போதும், பாதி வேலையைப் பிரெஞ்சுக்காரன் ஏற்கெனவே முடித்துவிட்டான் என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

லீவுக்கு ஊருக்கு வந்து, டேப்பும் கையுமாக அந்தத் தெருக்களில் அலைந்தேன். பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அந்த வாசல்களுக்கு முன் என் கால் தானாகவே ஒதுங்கி நின்றது. ஒரு வீட்டில் தோட்டக்காரர் உள்ளே விட்டார். இன்னொரு வீட்டில் நாய் விடவில்லை. உயரமான கதவுகள், வளைவுகள், மதில்மேல் காகிதப்பூ. எல்லாம் அழகுதான். அழகாக இருந்து எனக்கென்ன? வரைந்தேனே தவிர, ஒரு கோட்டில்கூட மனம் ஒட்டவில்லை.

எங்கள் வீடு கால்வாய்க்கு இந்தப் பக்கம், மில்லுக்குப் பின்னால், ஒட்டி ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்று. அப்பாவுக்குத் தறிக்கூடத்தில் நிரந்தரமாக ராத்திரி ஷிப்டு. விடிந்ததும் வருவார், பழையது சாப்பிடுவார், இருந்த ஒரே அறையில் படுப்பார். அவர் படுத்ததும் அம்மா வாசலில் ஈரச் சாக்கு ஒன்றைத் தொங்கவிடுவாள். உள்ளே ராத்திரி ஷிப்டுக்காரர் தூங்குகிறார் என்று அர்த்தம். தெருவில் பாதி வீடுகளில் அது தொங்கும். அரியாங்குப்பத்திலிருந்து கீரை கொண்டுவரும் அம்மாள் எங்கள் தெருமுனையில் வாயை மூடினால் அடுத்த முனையில்தான் திறப்பாள். பேரம்கூடக் கையாலேயே நடக்கும். நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். நானும் தங்கைகளும் சண்டை வந்தால் கிள்ளுவோமே தவிரக் கத்த மாட்டோம். கிள்ளு வாங்கியவளும் சத்தமில்லாமல்தான் அழுவாள்.

இத்தனை செய்தும் அப்பா தூங்கவில்லை. அது எனக்கு அந்த லீவில்தான் உறைத்தது. பகலெல்லாம் புரண்டுகொண்டே கிடந்தார். ராத்திரி தறிக்கு முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்துவிட, நூல் அறுந்து துணி ஓட்டையோடு ஓடியிருக்கிறது. மேஸ்திரி கூப்பிட்டு எச்சரித்துவிட்டார். இப்படியே நடந்தால் வேலை போய்விடும். அப்பாவின் சம்பளத்தில்தான் வீடே ஓடியது. இதை அம்மா என்னிடம் சொன்னதும் கிசுகிசுப்பாகத்தான். சொல்லி முடித்துவிட்டு, "நாம இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கொறைக்கணும்டா" என்றாள்.

இன்னும் எதைக் குறைப்பது? அன்று மதியம் அவள் கஞ்சி வடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பானை விளிம்பிலிருந்து ஒரு துணியைத் தொங்கவிட்டு, கஞ்சி அந்தத் துணி வழியாகவே ஓசையில்லாமல் இறங்கும்படி வடித்தாள். கை சுட்டது, வாய் திறக்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஓட்டுக் கூரையைப் பார்த்தேன், பக்கத்து வீட்டோடு பங்கு போட்ட மெல்லிய சுவரைப் பார்த்தேன். தப்பு எங்கள்மேல் இல்லை, இந்த வீட்டின்மேல் என்று தோன்றியது. வெள்ளைக்காரர் வீட்டை வரைந்திருந்த தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எங்கள் வீட்டை வரைந்தேன். எந்தச் சத்தம் எந்த வழியாக வந்து அப்பாவின் பாயை எட்டுகிறது என்று அம்பு அம்பாகப் போட்டேன். குழாயடி, அடுப்பு, மில் சங்கு, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை. இந்த விஷயத்தில் என்னைவிடத் தெரிந்தவன் அந்தக் கல்லூரியில் எவனும் இல்லை. படிக்கப் போனதிலிருந்து முதல்முறையாக எனக்குக் கர்வம் வந்தது.

பகலில் தூங்குகிறவர்களுக்கான குடியிருப்பு என்று தலைப்பு வைத்தேன். பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார், ஆனால் தடுக்கவில்லை. இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம். படுக்கையறைக்கு நேராகக் கதவே கிடையாது. சத்தம் மூலைக்கு மூலை திரும்பித்தான் உள்ளே வர முடியும். வருடம் முழுக்க அதே நினைப்பு. ஊரில் அப்பாவைப் பக்கத்துத் தறிக்காரர்கள் தட்டித் தட்டி எழுப்பி வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் படங்களை வெகுநேரம் பார்த்துவிட்டு நல்ல மார்க் போட்டார். இதை யார் கட்டுவார்கள் என்று மட்டும் கேட்டார். நான் கட்டுவேன் என்றேன். அந்த வயதின் திமிர் அது.

ஊருக்கு வந்த கையோடு வேலையை ஆரம்பித்தேன். வாடகை வீட்டில் சுவரா எழுப்ப முடியும்? அறையின் ஒரு மூலையைப் பலகையால் தடுத்து, ஜன்னலை அடைத்து, மில் கழிவுப் பஞ்சைச் சாக்குகளில் திணித்துச் சுற்றிலும் அடுக்கினோம். காற்றுக்கு மட்டும் மேலே வளைந்து வளைந்து ஒரு வழி விட்டேன். அம்மாவும் தங்கைகளும் சாக்குத் தைத்தார்கள். முடிந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தேன். மில் சங்குகூடப் பக்கத்து ஊரில் ஊதுவதுபோல் கேட்டது. அம்மா உள்ளே வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா அதில் படுத்தார். ஒரு வாரம் போவதற்குள் ஆள் பாதியாகிவிட்டார். ஒருநாள் நட்டநடு மதியத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவர், நேராகக் குழாயடிக்குப் போய், பெண்கள் குடத்தோடு நிற்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். எங்கேயாவது இடுக்கு வழியாகச் சத்தம் வருகிறதா, இன்னும் ஒரு வரிசை சாக்கு வைத்துவிடலாம் என்றேன்.

"சத்தம் வெளியேர்ந்து வரலடா" என்றார். "காதுக்குள்ள தறி ஓடுது. வருசக்கணக்கா ஓடுது. சுத்திலும் பேச்சும் கொரலுமா இருந்தா கொஞ்சம் அடங்கும். நீ கட்டுன ரூம்புல அது மட்டுந்தான் கேக்குது."

ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எல்லாரும் எனக்காவ வாய மூடிக்கினு கெடந்தீங்க. அத எப்படி வேணாம்னு சொல்றது?"

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். மறுநாள் காலையில் அப்பா படுத்ததும், பேசுங்கடி என்று அம்மா தங்கைகளிடம் சொன்னாள். அதையே கிசுகிசுத்துத்தான் சொன்னாள். பெரியவள் ஏதோ ஆரம்பித்தாள். சின்னவள் பழக்கதோஷத்தில் அவள் வாயைப் பொத்தினாள். அம்மா பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள். வேண்டுமென்றேதான் கழுவினாள். ஆனால் ஒவ்வொரு பாத்திரத்தையும் அவள் கை அதுபாட்டுக்கு மெத்தென்று தரையில் வைத்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாக ஏதாவது படிக்கலாம் என்று பேப்பரை விரித்தேன். நாலு வரிக்குள் குரல் உள்ளே போய்விட்டது. அப்பா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

நாங்கள் சத்தம் போடக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அவருக்கு வேலை போய்விட்டது.