கடல் தாமரைக்குப் பேர் பார்த்த வாத்தியார்

பசுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியாராக இருந்த சிவசங்கரன், கண்ணால் பார்த்ததை அப்படியே நம்பிவிடுகிற ஆள் இல்லை. எதுவும் புத்தகத்தில் இருந்தால்தான் இருக்கிறது. கோரிப்பாளையத்தில் அவர் வீட்டுக்கு எதிரே நின்ற மரம் வேப்பமரம் என்று ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். அவர் மட்டும் இலையைக் கிள்ளிக்கொண்டு போய்ப் படத்தோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் அதன் குச்சியில் பல் துலக்கினார். தன்னை மட்டும் எந்தப் படத்தோடும் ஒத்துப் பார்க்காமல் எப்படித் தாலி கட்டினார் என்று அவர் மனைவி ஜானுவுக்கு இன்றுவரை ஆச்சரியம்.

முப்பத்தாறாம் வருஷம் சித்திரையில், மண்டபம் கடற்கரையிலிருந்து ஒரு கடல் தாமரையைக் கொண்டுவந்தார். பேர்தான் தாமரை, அது பூ இல்லை, பிராணி. பழுப்புச் சிவப்பு உடம்பு, விரல் விரலாகப் பச்சை இதழ்கள். பவளப்பாறைத் துண்டோடு கண்ணாடித் தொட்டியில் இறக்கி முன்னறையில் வைத்தார். தெரிந்த ரயில்வே கார்டு ஒருவர் தயவில் அவ்வப்போது குடத்தில் கடல்தண்ணீர் வந்தது.

சனிக்கிழமை ஹெட்மாஸ்டர் பார்க்க வருவதாக இருந்தார். அதற்குள் இது இன்ன வகை என்று கண்டுபிடித்துத் தொட்டியில் சீட்டு ஒட்டியாக வேண்டும். சிவசங்கரனிடம் இருந்ததோ இங்கிலாந்துக் கடற்கரைப் பிராணிகளைப் பற்றிய ஒரே ஒரு படப் புத்தகம். மண்டபத்துப் பிராணி அதில் எப்படி அகப்படும்? இதழ் ஒத்துவந்தால் நிறம் ஒத்துவரவில்லை, நிறம் ஒத்துவந்தால் உருவம் ஒத்துவரவில்லை. மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

ஜானு சுத்த சைவம். மீன் கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறவள். அவள்தான் பக்கத்து வீட்டு லத்தீபாவிடம் இறால் வாங்கி, ஈர்க்குச்சியில் குத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அதற்கு ஊட்டினாள். ஊட்டிவிட்டுக் குளித்தாள். போகப்போக முகத்தைத் திருப்புவதை விட்டுவிட்டாள். குச்சி பட்டதும் இதழெல்லாம் எழும்பி வாங்கிக்கொள்வதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை. பிள்ளையில்லாத வீடு. சிவப்பி என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

"பேரா இப்ப முக்கியம்? எம்புட்டு ஆசையாத் திங்குது பாருங்க."

"சிவப்பின்னு சீட்டுல எழுதுறதா? சும்மா இரு ஜானு."

வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு வரி கிடைத்தது: இவை குளிர்ந்த நீரில் வாழ்பவை. விஷயம் விளங்கிவிட்டது. புத்தகத்தின் மேல் தப்பில்லை, மதுரை வெயிலின் மேல்தான் தப்பு. உஷ்ணத்தில் பிராணி உருமாறிக் கிடக்கிறது. மறுநாள் காலையில் மரத்தூளும் சாக்கும் சுற்றிய ஐஸ்கட்டி வந்து இறங்கியது.

ஜானு தொட்டியை மறித்து நின்றாள். "அது நம்ம பக்கத்துச் சீவன்ங்க. வெயிலு அதுக்குப் பழகுனதுதான். ஐசு போடாதீங்க."

"உனக்குத் தெரியாது, தள்ளு."

ஐஸைப் போட்டார். சிவப்பி இதழ்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் கல்லில் ஒட்டிய சிவப்பு உருண்டையாகிவிட்டது. அவர் பக்கத்தைப் புரட்டினார். அலை வடிந்த பாறையில் சுருங்கிக் கிடக்கும் ஒன்றின் படம், அச்சு அசல் இதே உருண்டை. அதன் இங்கிலாந்துப் பேரை எழுதி ஒட்டினார். சாயங்காலம் ஹெட்மாஸ்டர் படத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்து, முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை தொட்டியிலிருந்து நாற்றம் வந்தது. ஜானு ஈர்க்குச்சியை நீட்டியபடியே நின்றாள். இறால் நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது.

"சிவப்பி வாங்க மாட்டேங்குறா."

சிவசங்கரன் பழக்கதோஷத்தில் புத்தகத்தை எடுத்தார்.

"அதுல என்னத்தப் பாக்குறீங்க? இப்ப அது மாதிரியேதான இருக்கு. அதுல இருக்குறதுக்கும் உசிரு இல்ல."

அவர் புத்தகத்தை மூடினார். அழுகை வந்தது. சீட்டை உரிக்கப் பார்த்தார். பசை நன்றாகக் காய்ந்திருந்தது.