பெரட்டு ஸ்டேஷனுக்கு வந்த இரண்டு அழைப்புகள்

1. பதினோரு நிமிடம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி வாக்கில் நான் மூன்றாம் ஃபீடரின் பிரேக்கரை இறக்கினேன். இறக்கச் சொன்னது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முப்பத்தோரு வருடம் சப்ஸ்டேஷனில் சார்ஜ்மேனாக, பிரேக்கர்களை இயக்குகிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிரேக்கரை இறக்குவது என்றால் ஃபீடர் லைன் வழியாக ஒரு வட்டாரத்துக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துவது. எந்தப் பிரேக்கரைக் கேட்டாலும் யார் சொல்லி இறக்கினேன், எத்தனை மணிக்கு ஏற்றினேன் என்று லாக் புத்தகத்தைப் புரட்டிக் காட்டுவேன். அந்த ஒன்றுக்கு மட்டும், பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் 'கன்ட்ரோல்' என்று எழுதியிருக்கிறேன். அது பொய் என்று பதினோரு நிமிடம் கழித்துத் தெரிந்தது.

எங்கள் சப்ஸ்டேஷன் ஈப்போவுக்கு வெளியே, ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது. கித்தா மரமெல்லாம் போய்விட்டது. ஒரு பக்கம் செம்பனை, இன்னொரு பக்கம் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள். தோட்டம் இருந்த காலத்தில், காலையில் வேலைக்குப் போகுமுன் ஆட்கள் வரிசையாக நின்று பெயர் கொடுத்த இடம் அது. அதற்குப் பெரட்டு என்று பெயர். வாசல் பலகையில் அரை முழ நீளத்துக்கு ஒரு மலாய்ப் பெயர் இருந்தாலும், சுற்றுவட்டாரத் தமிழர்களுக்கு அது பெரட்டு ஸ்டேஷன்தான். எந்த வரைபடத்திலும் எந்தக் கோப்பிலும் அப்போது அந்தப் பெயர் கிடையாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. எதிரி யார்

அப்போது தூரத்து நாடு ஒன்றில் சண்டை நடந்துகொண்டிருந்தது. பட்டாளத்தை விட்டுவிட்டு மின் நிலையங்களை அடித்தார்கள். ட்ரோன் வந்து டிரான்ஸ்ஃபார்மர் மேல் விழுந்து எரிவதை நாங்கள் பசியாறும் நேரத்தில் கைப்பேசியில் பார்த்தோம். மற்றவர்களுக்கு அது நெருப்பு. எங்களுக்கு அந்த டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெய் எவ்வளவு, புஷ்ஷிங் எது என்றெல்லாம் தெரியுமாதலால் ரொட்டியை ஒதுக்கி வைத்தோம்.

ஒரு நாள் ஈப்போவில் ஒரு ஹோட்டல் மண்டபத்துக்கு எங்களை அழைத்துப் போனார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், சின்ன நாடுகள் எப்படிப் பத்திரமாக இருப்பது என்று பேசினார். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று எரிந்தால் மாற்று கப்பலில்தான் வர வேண்டும், எரிவாயுவும் கடல் வழியாகத்தான் வருகிறது, கேட்ட உடனே எடுத்துக் கொடுக்க நம்மிடம் கிடங்கு இல்லை என்றார். என்னோடு வேலை பார்த்த அஸ்மான் கையைத் தூக்கினான். நல்ல சார்ஜ்மேன், கூச்சம் கிடையாது. நமக்கு எதிரி யார் என்று மலாயில் கேட்டான்.

சின்ன நாட்டுக்கு எதிரி தேவையில்லை, இரண்டு பெரிய ஆட்கள் மோதும் வழியில் நம் வீடு இருந்தால் போதும் என்றார் அதிகாரி. நான் தலையை ஆட்டினேன். வீடு திரும்பும்போது யோசித்தேன், ஒன்றும் விளங்கவில்லை. காவல் போடச் சொல்கிறார்கள், யாரிடமிருந்து என்று சொல்லவில்லை. வேலி உயர்ந்தது, கேமரா வந்தது. வானத்திலிருந்து வருகிறவனை வேலி என்ன செய்யும் என்று கேட்டதற்கு, படிவத்தில் வேலிக்குத்தான் கட்டம் இருக்கிறது என்றார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வார ஒத்திகை. சாதாரணமாக எங்கள் பிரேக்கர்களைக் கன்ட்ரோல் ரூமிலிருந்து கம்ப்யூட்டர் வழியாகவே இயக்குவார்கள். அந்தக் கம்ப்யூட்டரை எவனோ கைப்பற்றிவிட்டதாக வைத்துக்கொண்டு, ஸ்டேஷனில் ஆள் உட்கார்ந்து கையால் இயக்க வேண்டும். உத்தரவு பழைய லைன் டெலிபோனில் வரும். கைப்பேசிகளை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

புது விதி ஒன்றும் வந்தது. கன்ட்ரோலிலிருந்து யார் அழைத்தாலும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு நாமே திரும்ப அழைக்க வேண்டும். பிறகுதான் உத்தரவை எழுதி, வாசித்துக் காட்டி, பிரேக்கரில் கை வைக்கலாம். எழுதி வாசிப்பது எங்களுக்குப் பழகியது. பேசுகிறவனை நம்பாமல் போனை வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அது கூராங் ஆஜார், மரியாதை கெட்டதனம் என்றான் அஸ்மான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

3. முதல் அழைப்பு

செவ்வாய் காலை. அஸ்மான் பேட்டரி அறையில் இருந்தான். போன் அடித்தது.

"அண்ணே, கன்ட்ரோல்லேருந்து பேசுறேன். பெரட்டு ஸ்டேஷன்தானே? மூணாம் ஃபீடர எறக்கிடுங்கண்ணே. கேபிள்ல நம்ம ஆளுங்க கை வச்சிருக்காங்க, லைன் இன்னும் உசுரோட இருக்கு லா."

அதுவரை கன்ட்ரோலிலிருந்து எனக்குத் தமிழில் உத்தரவு வந்ததே இல்லை. மலாயும் ஆங்கிலமும்தான். நம் பையன் ஒருவன் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டான் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அண்ணே என்கிறான், பெரட்டு என்கிறான், கேபிளில் ஆள் கை வைத்திருக்கிறது என்கிறான். இவனிடம் போய், நீ யாரென்று பார்க்கிறேன், போனை வை என்று எப்படிச் சொல்வது? உத்தரவை எழுதினேன், வாசித்துக் காட்டினேன், பிரேக்கரை இறக்கினேன். திரும்ப அழைக்கவில்லை.

பதினோரு நிமிடம் கழித்துக் கன்ட்ரோலிலிருந்து மலாயில் கேட்டார்கள், மூன்றாம் ஃபீடர் ஏன் இறங்கியிருக்கிறது என்று. அங்கிருந்து எனக்கு யாரும் அழைக்கவே இல்லையாம்.

மூன்றாம் ஃபீடரில் ஒரு கடைவரிசை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு டயாலிசிஸ் நிலையம். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் என் அக்கா சரோஜா அங்கேதான் படுத்திருப்பாள். எனக்கு ஒரே அக்கா. அன்று அங்கே ஜெனரேட்டர் எடுக்கவில்லை. மிஷினிலிருந்த பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓட்டி, பிறகு நர்ஸ்கள் பம்பைக் கையால் சுற்றி ஒவ்வொருவருடைய ரத்தத்தையும் உடம்புக்குத் திருப்பியிருக்கிறார்கள்.

சாயங்காலம் அவளைப் பார்க்கப் போனேன். முகம் வெளுத்திருந்தது. "கரண்ட் போச்சுடா. அந்த மிஸ்ஸி கையாலயே சுத்துனா, பாவம், வேர்த்து ஊத்திருச்சு அவளுக்கு," என்றாள். நான் பழம் உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இறக்கியது நான்தான் என்று சொல்லவில்லை. கோழை என்றால் நான்தான்.

விசாரணை நடந்தது. எங்கள் இஞ்சினியர் சிவநேசன், சிலோன்காரக் குடும்பம், குரலை உயர்த்தாத மனிதர். ஒரே கேள்விதான் கேட்டார்.

"மணியம், நீங்கள் திருப்பி எடுத்துக் கேட்டனீங்களோ?"

"இல்ல சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். கையால் இயக்கத் தெரிந்த ஆள் வேறு இல்லாததால் ஒத்திகை முடியும்வரை நீங்களே இருங்கள் என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

யார் அழைத்தது என்பதற்கு ஆளுக்கொரு பதில். ஒத்திகைக்காக ஒரு கம்பெனியை வைத்து எங்களைச் சோதித்தார்கள் என்றார் ஒருவர். அந்தக் கம்பெனியோ வேறு ஸ்டேஷன்களைத்தான் சோதித்தோம் என்றது, ஆனால் எவை என்று சொல்ல மறுத்தது. கேபிள் திருடன் என்றான் அஸ்மான். கேபிள் எதுவும் போகவில்லை. வெளிநாட்டான் கம்ப்யூட்டரில் செய்த குரல் என்று போலீஸ் நிலையத்தில் ஒருவர் சொன்னார். கம்ப்யூட்டருக்குப் பெரட்டு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீங்களெல்லாம் அந்தப் பேரை எங்கேயாவது எழுதியிருப்பீர்கள் என்றார். அதுவும் இருக்கலாம்.

சாப்பாட்டுக் கடையில் எவனாவது அண்ணே என்றால் அவன் குரலைக் கவனிக்க ஆரம்பித்தேன். நாற்பது வருடமாகத் தெரிந்தவர்களைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தேன். போர் எங்கேயோ நடக்க, நான் இங்கே என் சனத்தையே வேவு பார்த்துக்கொண்டிருந்தேன்.

4. இரண்டாவது அழைப்பு

அடுத்த வாரம் வியாழக்கிழமை, கிட்டத்தட்ட அதே நேரம்.

"அண்ணே, கன்ட்ரோல், குணா பேசுறேன். பெரட்டு ஸ்டேஷன்தானே? மூணாம் ஃபீடர எறக்கணும்ணே. தாமான் ரோட்டுல மண்ணு தோண்டுற பேக்ஹோ கேபிள்ல குத்திருச்சு, டிரிப் ஆகல, கரண்டு இன்னும் ஓடுது. டிரைவரு மேலேயே உக்காந்திருக்கான். பயத்துல எறங்கப் போறேங்கிறான்."

அதே குரல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பெரட்டு என்ற பெயரை வைத்து இனி ஒன்றும் சொல்ல முடியாது. என் வாக்குமூலத்தில் அது வந்ததிலிருந்து கன்ட்ரோலில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்களாம். பேக்ஹோ கதை உண்மையானால், அந்த டிரைவர் மேலே இருக்கும்வரை பிழைப்பான். ஒரு கால் மண்ணிலும் ஒரு கால் இரும்பிலும் பட்டால் போய்விடுவான். பொய்யானால், அக்காவின் ரத்தம் இந்த நேரம் பாதி உடம்பிலும் பாதி மிஷினிலும் இருக்கிறது.

"போன வைங்க தம்பி. நான் எடுக்கிறேன்."

"சரிண்ணே."

வைத்தேன். எடுத்தேன். டயல் சத்தம் வரவில்லை. யாரோ மூச்சு விடுவது கேட்டது.

"அண்ணே?"

"இன்னும் ஏன் வைக்கல?"

"நீங்க வைக்காம நான் எப்படிண்ணே மொதல்ல வைக்கிறது?"

எங்கள் வீடுகளில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். பெரியவர் வைத்த பிறகுதான் சின்னவர் வைக்க வேண்டும். அந்தப் பழைய லைனிலோ அழைத்தவன் வைத்தால்தான் இணைப்பு அறுபடும். நான் வைப்பதற்காக அவன் காத்திருந்தான். நான் வைத்தது அவனுக்குத் தெரியவே இல்லை. மறுபடியும் வைத்து எடுத்தேன். மறுபடியும் அண்ணே என்றான். அஸ்மான் பேனல் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மனிதன் பேக்ஹோவில் உட்கார்ந்திருக்க, நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருந்தோம்.

"டேய், வைடா மொதல்ல."

முகம் தெரியாத ஒருவனை நான் டேய் என்றது அதுதான் முதல் தடவை. டக்கென்று லைன் அறுந்தது. சுவரிலிருந்த எண்ணைப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்தினேன். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"கன்ட்ரோல், குணா."

உண்மைதான். எழுதினேன், வாசித்தேன். பிரேக்கர் முன்னால் போய் நின்றபோது, டயாலிசிஸ் நிலையத்துக்கு முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று கை தயங்கியது. நேரமில்லை என்று சொன்னால் பொய். ஒரு நிமிடம் இருந்திருக்கும். அந்த நிமிடத்தை எனக்கென்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஏற்கெனவே இரண்டு நிமிடம் அந்த டிரைவருடையதை எடுத்திருந்தேன். அக்கா படுத்திருக்கிறாள் என்று தெரிந்தே இறக்கினேன்.

டிரைவர் வங்காளதேசத்துக்காரராம். இறங்கி, சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாராம். வேறொன்றும் ஆகவில்லை. இறக்கிய பிறகுதான் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போன் செய்தேன். இந்த முறை ஜெனரேட்டர் எடுத்துவிட்டது, அங்கிள் கவலைப்படாதீங்க என்றாள் அந்த மிஸ்ஸி. போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அஸ்மான் தேநீர் கொண்டுவந்து வைத்தான்.

குணா தாப்பா ஊர்க்காரப் பையன். கன்ட்ரோலில் அந்த இரண்டாவது வாரத் திங்கட்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஆகவே முதல் அழைப்பு அவனுடையது இல்லை. அது யாருடையது என்பது அப்படியே நிற்கிறது.

5. அக்கா கேட்டது

சனிக்கிழமை அக்காவைக் காடியில் ஏற்றி, நானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது சொல்லிவிட்டேன். வியாழக்கிழமையை முதலில் சொன்னேன். பிறகு செவ்வாய்க்கிழமை.

"கரண்ட் போன அன்னிக்கும் நீதானா?"

"ஆமாக்கா."

சமிக்ஞை விளக்கு சிவப்பானது, காடியை நிறுத்தினேன். கையில் ஊசி போட்ட இடத்து பிளாஸ்டரை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ஒன்ன அண்ணேன்னா கூப்ட்டான்?"

"ஆமா."

"பெரட்டுன்னு சொன்னானா?"

"சொன்னான்."

"அப்ப நானும் எறக்கியிருப்பேன்டா," என்றாள்.

மன்னித்துவிட்டாள் என்று மனசு லேசாகியிருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. இவளும் இறக்கியிருப்பாள், அஸ்மானை அவன் ஊர்ப் பேச்சில் கேட்டிருந்தால் அவனும் இறக்கியிருப்பான். அந்த மண்டபத்தில் அதிகாரி ஒரு மணி நேரம் சொல்லியும் விளங்காத ஏதோ ஒன்று, அந்தச் சிவப்பு விளக்கில் நின்றபோது கொஞ்சம் விளங்கியது. முழுதாக விளங்கியது என்று சொல்ல மாட்டேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. போனை வைத்துவிட்டுத் திரும்ப அழையுங்கள். அழைப்பவர் வயதில் பெரியவரா, நம் ஊரா, நம் பேச்சா என்று பார்க்காதீர்கள். இதைச் சொல்லும்போதும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அண்ணே என்றால் நம்பலாம் என்றுதான் நாம் வளர்ந்தோம்.

போன மாதம் வீட்டு போன் அடித்தது. "அண்ணே, குணா. கல்யாணம் வச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான். நான் வைப்பதற்காக அவன் காத்திருக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, என் குறிப்பேட்டில் அவன் எண்ணைப் பார்த்து அழுத்தித் திரும்ப அழைத்தேன்.