வரப்பில் நின்ற ஆள்

ஆரோக்கியசெல்வி பெங்களூரில் போர் விமானக் கேமரா செய்யும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்தக் கேமராவுக்கு மாடும் ஒன்றுதான், ஜீப்பும் ஒன்றுதான். சூட்டை மட்டுமே பார்க்கும் கண் அது. சூடாக எது இருந்தாலும் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். வருடங்கள் போகப் போகப் புள்ளிக்குக் கை கால் முளைத்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்து, இது ஆள், இது மாடு என்று தானே சொல்லக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொடுத்தவர்களில் இவளும் ஒருத்தி. படம் படமாகப் பார்த்துப் பெயர் போட்டாள். ஆள் கையில் நீளமாக ஏதாவது தெரிந்தால் ‘ஆயுதம்’ என்று போடச் சொன்னார்கள், போட்டாள். அடுத்தவர் கழனியில் வேலை செய்து இவளைப் படிக்கவைத்த குடும்பம். நீளமாகக் கையில் இருப்பதற்கு வேறு பெயரும் உண்டு என்று இவளுக்கே தோன்றாமல் போனதுதான் கொடுமை.

சோதனை விமானம் விழுப்புரம் பக்கம் பறந்தது. திண்டிவனத்துக்கு வெளியே கூடாரம் போட்டுத் திரையில் பார்த்தார்கள். “என் கேமரா நம்ம ஊரு காணை மேல வருதுப்பா” என்று முந்தின நாளே அப்பாவுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

காணை வந்தது. கரும்புக் கொல்லை, வாய்க்கால், வரப்பில் ஓர் ஆள். இடது காலைச் சாய்த்து நின்றார், அண்ணாந்து பார்த்தார், கையில் இருந்ததைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். வெயிலில் காய்ந்த இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. உடனே அவரைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுந்தது: ஆயுதம்.

கூடாரத்தில் கைதட்டினார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அரளவே தெரியாத இயந்திரத்துக்கும் நாம் அந்தப் புத்தியைக் கொடுத்துவிட்டோம்.

“சார், அது ஆயுதம் இல்ல, மண்ணு வெட்டுற மம்முட்டி. தூக்கிக்கினு நிக்கிறது எங்கப்பா.”

தலைமைப் பொறியாளர் விருத்தாசலம் சோதனை அறிக்கையை எடுத்து முன்னால் வைத்தார். “இதப் பிழைன்னு எழுதினா ஒரு வருஷ வேலை வீணும்மா. எழுதலைன்னா இது இப்படியே அடுத்த மாசம் போர் விமானத்துல ஏறிடும். யோசிச்சுச் சொல்லு.”

“பிழைன்னே எழுதுங்க சார். அந்தப் பேரைப் போட்டதே நான்தான்.”

அவர் எழுதினார்.

சாயங்காலம் அவள் காணைக்குப் போனபோது அப்பா மாசிலாமணி கால் சேற்றைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தார்.

“மம்முட்டியத் தூக்கி ஆட்டிக்கினே இருந்தேனே, பாத்தியா? உன் கேமராவுக்கு என்னைத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதுப்பா.” அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். மகள் பூரிப்பில் அழுகிறாள் என்றே அந்த மனிதர் நினைத்தார்.

“அடுத்த வாட்டி கேமரா வர்றப்ப ஒரு வார்த்த சொல்லும்மா” என்றார். “இன்னும் ஒசரமாத் தூக்கிக் காட்டுறேன்.”