ஐந்தாவது மன்றாட்டு

முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவர் அக்கா. முதுகுக்குப் பின்னால் 'கருணை மனு'. எங்கள் நாளிதழில் ஞாயிறு பத்தி எழுதுகிறவர். யாருக்காவது தூக்கு என்று செய்தி வந்தால் போதும், அந்த வாரம் பத்தியில் வேறு பேச்சே இருக்காது. எழுதுவதோடு விடமாட்டார், சிறை வாசலில் மெழுகுவத்தியோடு நிற்பார், கையெழுத்து வாங்க வீடுவீடாக ஏறி இறங்குவார். முன்பு கத்தோலிக்க வார இதழொன்றில் அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருந்தவர், எங்கள் பத்தியில் 'கொலை செய்யாதே என்ற கட்டளைக்கு அடிக்குறிப்பு கிடையாது' என்று எழுதிப் பெயர் வாங்கினார். எதிர் மேசையிலிருந்து அந்தப் பத்தியை அளவுக்கு வெட்டுவது என் வேலை. இவ்வளவு துணிச்சலாக எழுதுகிறவர் இப்படியொரு பயந்தாங்கொள்ளியா என்று எனக்கு எரிச்சலாக வரும். அச்சுக்குப் போகும்வரை அவருக்கு இருப்புக்கொள்ளாது, இந்த வரி இருக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

அவருடைய தங்கை கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். கடையைப் பூட்டும் நேரத்தில் ஒருவன் திருட வந்து, அவரைக் குத்திக் கொன்றுவிட்டான். விரைவு நீதிமன்றத்தில் சில மாதங்களிலேயே அவனுக்குத் தூக்கு என்று தீர்ப்பானது.

அக்கா அதைப் பற்றி மூச்சே விடவில்லை. வடிகால், முதியோர் இல்லம் என்று எதையெதையோ எழுதி ஒப்பேற்றினார். "சொந்த வீடு என்றதும் வாய்க்குப் பூட்டா?" என்று வாசகர்கள் சீண்டினார்கள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார், அப்படியே மூடிவிடுவார். தங்கையை விட்டால் அவருக்கு யாரும் இல்லை. எழுதினால் அவளும் போய்விடுவாள் என்று பயம்.

தங்கை கணவரின் முதலாண்டு நினைவுத் திருப்பலி வந்தது. தங்கை போனில், "மன்றாட்டு நீ எழுதிக் குடு. வாசிக்கிறது நான்," என்றாள். பூசை நடுவே எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்ளும் வரிகள்தான் மன்றாட்டு.

நான்கு அக்காவுக்கு எளிதாக வந்துவிட்டன: திருச்சபை, இறந்தவர், பிள்ளைகள், நோயாளிகள். ஐந்தாவதை எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.

"தம்பி, இது இருக்கட்டுமா? எடுத்துடவா?"

"என்னைக் கேக்காதீங்கக்கா. அவங்க முகத்துல முழிக்கப்போறது நீங்க," என்றேன். கடுப்பில்தான் சொன்னேன்.

கோவிலுக்கு நானும் போனேன். கடைசி நிமிடம்வரை இழுத்தடித்து, மணி அடித்த பிறகுதான் தாளைத் தங்கையிடம் நீட்டினார். அவள் அதைப் படித்துப் பார்க்கவில்லை. ஐந்தாவது வரி இருக்கிறது என்று அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

நான்கு வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும் மக்கள், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றார்கள். பிறகு அவள் குரல் நின்றது. மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. பூசை வைத்துக்கொண்டிருந்த சாமியார் நிமிர்ந்து பார்த்தார். அக்கா முன் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டார். ஓடிப்போய் அந்தத் தாளைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

"தூக்குக்குக் காத்திருக்கும் அந்த மகன்," என்று தங்கை வாசித்தாள், "உயிர் பிழைக்கவும் மனம் திருந்தவும் உம்மை மன்றாடுகிறோம்."

பாதிப் பேர்தான் பதில் சொன்னார்கள். அவள் உதடு அசையவில்லை.

வெளியே வந்ததும் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கை முந்திக்கொண்டாள்.

"வாசிச்சேன். வேண்டிக்கல. நீ எழுதறதா இருந்தா இதையும் சேத்து எழுது."

எழுதினார், அப்படியே எழுதினார். அது வெளிவந்தது அடுத்த ஞாயிறு. பூசை முடிந்த அன்று இருவரும் ஒரே பேருந்தில் ஏறினார்கள். தங்கை சன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்தாள். அக்கா கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனார்.