மூச்சுக்கு ஒரு பெயர்

பிள்ளைகளா, நேற்று மொட்டைமாடியில் பஸ்கி எடுத்துவிட்டு நீங்கள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியதைப் பார்த்தேன். "கால் வலிக்கலப்பா, மூச்சுதான் பத்தல" என்றீர்கள். என் கதையும் அதேதான்.

அறுபதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு தேகப்பயிற்சிக் கூடம் இருந்தது. ஆயுத பூஜையன்று ஊர் பார்க்க நடக்கும் காட்சியில் சேர வேண்டுமானால், நிற்காமல் நூறு பஸ்கி போட்டுக் காட்ட வேண்டும். நானோ பாதிகூடத் தாண்டமாட்டேன். நெஞ்சடைத்து உட்கார்ந்துவிடுவேன். "மூச்ச அடக்கினு போடாதடா, விட்டு விட்டுப் போடு" என்பார் வாத்தியார். எப்படி விடுவதென்றுதான் விளங்கவில்லை. பல்லைக் கடித்தால்தான் பலம் என்று நினைத்திருந்தேன்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அந்த வருஷம் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து எங்களோடு இருந்தாள். பகலெல்லாம் எங்கள் தறிக்கு வேண்டிய பட்டு நூலை ராட்டினத்தில் சுற்றித் தருவாள். சாயங்காலமானால் தெருப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தோப்புக்கரணம். இதுவும் பஸ்கிதானே, காதைப் பிடித்துக்கொள்வது ஒன்றுதான் கூடுதல் என்று, ஒருநாள் பக்கத்தில் நின்று போட ஆரம்பித்தேன்.

"இன்னாடா, சாமிகிட்ட பந்தயமா?" என்று சிரித்தாள்.

வேகமாகத் தொடங்கிய நான் பாதியில் தூணைப் பிடித்தேன். அத்தை எழுவதும் உட்காருவதுமாகப் போய்க்கொண்டே இருந்தாள். எழும்போதெல்லாம் உதடு அசைந்தது. கிட்டே போய்க் காதைக் கொடுத்தேன். "கன்னியப்பன்... கன்னியப்பன்..."

"அது இன்னா மந்திரம் அத்தை?"

சட்டென்று என் வாயைப் பொத்தினாள். "ஊட்ல சொல்லிடாத கண்ணு. உங்கப்பா காதுல உழுந்தா வம்பு."

வீட்டில் சொல்லவில்லை. பயிற்சிக் கூடத்தில்தான் அந்தப் பெயரைச் சொன்னேன். மறுநாள் காலை, ஒரு பஸ்கிக்கு ஒரு கன்னியப்பன். எழும்போது பெயரோடு மூச்சும் வெளியே போயிற்று. உட்காரும்போது தானாக உள்ளே வந்தது. நூறும் போட்டுவிட்டேன்!

"யார்ரா அந்தக் கன்னியப்பன்? அவன் வந்து உன்னத் தூக்கி உட்றானா?" என்றார் வாத்தியார். கூடமே சிரித்தது. சிரித்தால் என்ன, காட்சியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஓட்டமாய் வந்து, "அத்தை, உன் மந்திரம் பலிச்சிடுச்சி!" என்றேன்.

ராட்டினம் நின்றது. "உனக்காவது பலிச்சுதே" என்றாள்.

அது அவள் புருஷன் பெயர். எனக்கு அவர் வெறும் மாமா. அத்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அவர் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்த பிறகு, அப்பாவுக்கு 'அந்த ஆளு'. கட்டியவன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாத காலம். அவர் திரும்ப வந்து அழைத்துப் போகவேண்டும் என்று, பிள்ளையாருக்கு மட்டும் கேட்கும்படி அவள் சொல்லி வந்திருக்கிறாள். இதெல்லாம் எனக்கு மீசை முளைத்த பிறகு தெரிந்தவை.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, விளக்கு வைத்த பிறகும் அத்தை கோயிலுக்குக் கிளம்பவில்லை என்பது மட்டும்தான். பிள்ளையாருக்குக் கணக்கு குறையுமே என்று கவலையாகிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் போய், காதைப் பிடித்துக்கொண்டு, அவள் பங்கை அந்தப் பெயரைச் சொல்லியே நான் போட்டுவிட்டு வந்தேன்.