சுப்பராயலுவின் நாலு கிரெடிட்

வலையில் சிக்கிய நண்டைப் பிரித்தெடுக்கும்போதும் சுப்பராயலு, "கணக்கு நாலு, கம்ப்யூட்டர் மூணு, யோகா ஒண்ணு" என்று முணுமுணுக்கிறார். எல்லாம் மகள் ஐஸ்வர்யாவின் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் உள்ள கிரெடிட். பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அவள் மறந்தாலும் இவர் மறப்பதில்லை.

சுப்பராயலு என் அத்தை மகள் பச்சையம்மாவின் இளைய மருமகன். மூத்தவர் ஆரம்பாக்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறார், அவர் கதை வேறு. இவருக்குத் தோணிரேவு மீனவக் குப்பத்தில் சொந்தப் படகு உண்டு. இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் கிரெடிட் என்றால் என்னவென்று மகள் ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டார். "நாம மீனுக்குப் போடற பங்குதான். படகுக்கு ரெண்டு, வலைக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு. பெரிய பங்கு போச்சுன்னா சின்னதெல்லாம் சேந்தும் தூக்காது." வாத்தியார்கள் இதையே ஒரு மணி நேரம் படம் போட்டுச் சொன்னார்களாம்.

அன்றிலிருந்து கல்யாண வீட்டில்கூட மாப்பிள்ளைக்கு எத்தனை கிரெடிட் என்றுதான் விசாரிக்கிறார். தன் மகன் யோகாவில் பத்துக்குப் பத்து, 'ஓ' கிரேடு வாங்கிவிட்டான் என்று பங்காளி வினோத் மிட்டாய் கொண்டுவந்தான். "யோகாவா? அது பூனைக்குப் போடற பங்குடா," என்று சொல்லிக்கொண்டே இரண்டு மிட்டாயை எடுத்துக்கொண்டார்.

போன மாதம் ஐஸ்வர்யாவுக்கு ரிசல்ட் வந்தது.

"நைனா, மூணு ஓ!"

"எத்தினி கிரெடிட்டு?"

"தலா ஒண்ணு."

"கணக்கு?"

"...சி."

கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "ஓவுக்குப் பத்து, சிக்கு அஞ்சு. மூணு ஓவுக்கு முப்பது. நாலு கிரெடிட்டுக் கணக்குல நாப்பது வரவேண்டிய எடத்துல இருபது. இன்னாம்மா இது?"

மொத்தச் சராசரி ஏழிலிருந்து 6.9க்கு இறங்கியிருந்தது. வேலைக்கு ஆள் எடுக்கக் கல்லூரிக்கு வரும் கம்பெனி, ஏழுக்குக் கீழே இருப்பவர்களை உள்ளேயே விடாது.

கணக்குப் பரீட்சையன்று அவளுக்கு ஜுரம். சுப்பராயலு அதைப் பிடித்துக்கொண்டார். மறுநாளே மகளையும் என்னையும் ஒரு கிலோ இறாலையும் கூட்டிக்கொண்டு கல்லூரி ஆபீசுக்குப் போனார். இறால் பை முதலில் மேசைமேல் ஏறியது.

"சார், எங்க போட்ல ஜுரம்னு படுத்துக்கினவனுக்கும் பங்கு உண்டு. எங்க பொண்ணு எழுந்து வந்து எழுதியே இருக்குது. பாக்கி இருபதை வைங்க."

"அப்படியெல்லாம் ரூல் இல்லீங்க," என்றார் குமாஸ்தா.

பை மேசையிலிருந்து இறங்கியது. "இத்தினி படிச்சவங்க ஒக்காந்து இந்த நாயத்தைக்கூடவா போடல? எங்க பஞ்சாயத்துக்கு வாங்க சார், கத்துக்கலாம்."

"நைனா, மானம் போவுது. வா," என்று ஐஸ்வர்யா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

குமாஸ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த செமஸ்டருக்கான பாடப் பட்டியலை நீட்டினார். "கம்பெனி இதுக்கப்புறம்தான் வருது. இதுல ஏத்திக்கச் சொல்லுங்க."

சுப்பராயலுவுக்கு எழுத்து ஓடாது, எண் ஓடும். தாளின் வலது ஓரத்துக் கிரெடிட் எண்களின்மேல் பெருவிரலை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வந்தார். ஒன்றைத் தாண்டியது, இரண்டைத் தாண்டியது, நாலில் நின்றது. தாளை மகள் பக்கம் திருப்பினார். அவள் குனிந்து அந்தப் பாடத்தின் பெயரை வாய்விட்டுப் படிக்கும்வரை விரலை எடுக்கவில்லை.